அட்சய திருதியையும் அடகுக் கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அட்சய திருதியைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை நகைக்கடை விளம்பரங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை; விளம்பரம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பதை அறிவேன். என்னை எழுத வைத்தவை உட்பக்கங்களில் வரும் ஆன்மிகக் கட்டுரைகள். அன்றைக்குக் குந்துமணி அளவாவது தங்கம் வாங்கினால் ஆண்டு முழுவதும் வீட்டில் செல்வம் நிலைக்கும் என்று அவை சொல்கின்றன. எந்த மணி முதல் எந்த மணி வரை வாங்கலாம் என்று நேரமும் குறித்துக் கொடுக்கின்றன. முதல் பக்கத்தில் கடைக்காரர் சொன்னதை ஆறாம் பக்கத்தில் ஆன்மிகக் கட்டுரையாளர் சொல்லும்போது, படிப்பவர் அதைக் கடைக்காரரின் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்கள் வகுத்த விதியாக எடுத்துக்கொள்கிறார். அப்படி ஒரு விதி நம் வழக்கத்தில் இருந்ததில்லை என்பதையும், அதை நம்பிய குடும்பங்களுக்கு நேர்வது என்ன என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்தத் தங்கம் கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை மட்டுமல்லாமல், வீட்டிலிருந்து வெளியேறும் வழியையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் அட்சய திருதியை என்றால் கருட சேவை. சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி முதலிய 12 கோயில்களின் பெருமாள்கள் கருட வாகனத்தில் புறப்பட்டுப் பெரிய தெருவில் ஒரே இடத்தில் காட்சி கொடுப்பார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தெல்லாம் மக்கள் வருவார்கள். சித்திரை வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு நீர்மோரும் பானகமும் கொடுப்பது அன்றைய வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. வீட்டில் பெரியவர்கள் அன்று செய்ததும் தானம்தான். தண்ணீர் நிறைத்த குடம், பனையோலை விசிறி, குடை, செருப்பு, தயிர்சாதம் ஆகியவற்றை இயன்றவர்கள் இயன்ற அளவில் கொடுத்தார்கள். முன்னோரை நினைத்துத் தர்ப்பணம் செய்தவர்களும் உண்டு. இவற்றில் ஒவ்வொன்றும் கோடையில் வெறுங்காலோடு நடப்பவருக்கு உடனே உதவக்கூடிய பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ தெரியாமல் போட்ட பட்டியல் அல்ல அது.

இந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைகளும் இதையே சொல்கின்றன. குசேலர் கண்ணனிடம் அவல் கொண்டுபோன கதையை விளம்பரங்கள் விரும்பி எடுத்தாள்கின்றன. ஆனால் அவர் திரும்பி வந்தபோது குடிசை மாளிகையாகி இருந்தது என்ற முடிவை மட்டும் வைத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டில், அண்டை அயலில் கேட்டு வாங்கிய அவலைக் கந்தைத் துணியில் முடிந்து நண்பனுக்குக் கொண்டுபோனார் என்ற முற்பகுதியை விட்டுவிடுகின்றன. பாண்டவர்களின் வனவாசத்தில் சூரியன் கொடுத்த அட்சய பாத்திரத்தின் கதையும் அப்படித்தான். அந்தப் பாத்திரம் சோறு மட்டுமே தந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: வந்தவர்கள் எல்லோரும் உண்டு முடித்து, கடைசியாகத் திரௌபதி உண்ணும் வரையில்தான் அன்றைக்கு அது சுரக்கும். வீட்டுக்காரி முதலில் உண்டால் விருந்தினருக்கு ஒன்றும் இல்லை. தமிழில் மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியும் பசித்தவர் வயிற்றுக்காகச் சுரந்ததே அன்றி, அவள் பெட்டியை நிரப்பியதில்லை. சமணர்களுக்கு இந்த நாள் இன்னும் வெளிப்படையாகத் தானத்தின் நாள். ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி இருந்த, அவர்களுடைய முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவருக்கு அஸ்தினாபுரத்தில் அரசகுமாரர் சிரேயாம்சர் கரும்புச்சாறு கொடுத்த நாளாக இதைப் போற்றுகிறார்கள். ஓராண்டு விரதம் இருந்தவர்கள் இன்றும் அன்று கரும்புச்சாறு அருந்தித்தான் விரதத்தை முடிக்கிறார்கள்.

மற்ற ஊர்களிலும் இந்த நாளுக்கு உயிரான வழிபாடுகள் இருக்கின்றன. பூரியில் ஜகந்நாதரின் தேர்களைச் செய்யும் வேலை அன்று தொடங்குகிறது. சிம்மாசலத்தில் ஆண்டு முழுவதும் சந்தனத்தால் மூடப்பட்டிருக்கும் நரசிம்மர் திருமேனியை அந்த ஒரு நாளில் சந்தனம் களைந்து தரிசிக்கிறார்கள். இமயத்தில் கங்கோத்ரி, யமுனோத்ரி கோயில்கள் பனிக்காலத்துக்குப் பிறகு நடை திறக்கப்படுவதும் இந்த நாளில்தான். வட இந்தியாவிலும் மராட்டியத்திலும் பஞ்சாங்கம் பார்க்காமல் எதையும் தொடங்கலாம் என்று கருதப்படும் சில நாட்களில் இது ஒன்று என்பதால், அங்கே திருமணத்தையும் புதுக்கணக்கையும் ஒட்டிப் பொன் வாங்கும் பழக்கம் இருந்தது உண்மை. அந்தப் பழக்கத்தின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குள் தமிழ்நாட்டில் அதை எல்லோருக்கும் உரிய கடமையாக மாற்றியவை விளம்பரங்கள். ஐம்பது வயதைக் கடந்த தங்கள் வாசகர்கள் தங்கள் தாயாரோ பாட்டியோ திருதியைக்கு நகைக்கடையில் வரிசையில் நின்றது உண்டா என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

வாணிகமும் வழிபாடும் ஒன்றையொன்று அண்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் கோயில்களைச் சுற்றியே கடைத்தெருக்கள் வளர்ந்தன. சன்னதித் தெருவில் வளையல் கடையும் பாத்திரக் கடையும் பூக்கடையும் இல்லாத பெரிய கோயில் எது? தேர்த் திருவிழாவுக்குப் போகும் குழந்தை பொம்மை வாங்காமல் திரும்பியதில்லை. தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கிறோம், பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குகிறோம். ஆனால் அங்கெல்லாம் விழா முதலில் இருந்தது. கடை அதன் ஓரத்தில் இருந்தது. பொம்மை வாங்காத குழந்தைக்குச் சாமி அருள் குறையும் என்று எந்தப் பொம்மைக் கடைக்காரரும் சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடியைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஆடியில் திருமணங்கள் இல்லை, வியாபாரம் மந்தம், தேங்கிய சரக்கை விற்றாக வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. விலை குறைவு, வந்து வாங்குங்கள் என்று நேராகவே அழைத்தார்கள். அம்மன் பெயரைச் சொல்லிப் புடவை எடுக்க வைக்கவில்லை. திருதியையில் நடப்பது வேறு. அன்று விலையும் குறைவில்லை, பொருளும் வேறில்லை. கூடுதலாக விற்கப்படுவது பலன் பற்றிய ஒரு வாக்குறுதியும், வாங்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சமும்தான்.

2020-ஆம் ஆண்டு இதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. அந்த ஆண்டு அட்சய திருதியை ஏப்ரல் 26 அன்று வந்தது. ஊரடங்கால் நகைக்கடைகள் மூடியிருந்தன. கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. எங்கள் ஊர்ப் பெரிய தெருவும் வெறிச்சோடிக் கிடந்தது. தெய்வமே வீதிக்கு வராத அந்த நாளில் பெரிய நகைக்கடைகள் இணையம் வழியாகப் பணம் பெற்றுக்கொண்டன. தங்கம் பிறகு வரும், இன்றைக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால் திருதியையில் வாங்கியதாகவே கொள்ளலாம் என்று விளக்கினார்கள். பொன் கையில் வந்தால்தான் மங்கலம் என்பது அதுவரை அவர்களே சொல்லி வந்தது. பொன் வராமல் பணம் மட்டும் போனாலும் மங்கலம் என்று அந்த ஆண்டு சொன்னார்கள். ஒரு சடங்கின் இலக்கணத்தை இப்படி ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ள முடியுமானால், அதை எழுதியவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அந்த வாரத்திலேயே, வேலையிழந்து சொந்த ஊருக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்களுக்குச் சாலையோரத்தில் சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அன்று திருதியை என்று தெரிந்திருக்குமோ, அறியேன். திருதியையை உண்மையில் கொண்டாடியவர்கள் அவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நான் பணியில் கண்டதைச் சொல்கிறேன். திருதியை சித்திரையில் வருகிறது. அடுத்து வரும் மாதங்களில் எங்கள் பகுதிக் குடும்பங்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படும். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று செலவு வரிசையாக வரும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு உழவுக்கூலி, விதை, நாற்றங்கால், உரம் என்று முன்பணம் வேண்டும். ஆகவே சித்திரையில் கடையின் சிவப்புப் பெட்டியோடு வீட்டுக்குப் போன நகை ஆனியில் அதே பெட்டியோடு எங்கள் முகப்புக்கு வந்து சேரும். பில்லை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்பதால் எப்போது வாங்கியது என்று நாங்கள் கேட்க வேண்டியதே இருக்காது.

அந்த நகையின் கணக்கைத் தங்கள் வாசகர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 2025 திருதியை நாளின் விலையை ஒட்டி ஒரு சவரன் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேதாரம் 10 விழுக்காடு என்றால் 7,200 ரூபாய் சேர்ந்து 79,200 ஆகிறது. அதன்மேல் 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2,376 ரூபாய். ஆக வாங்குகிறவர் கொடுப்பது 81,576 ரூபாய். வேலைப்பாடு கூடிய நகையானால் சேதாரம் இதைவிட அதிகம். அதே நகையை அடுத்த மாதம் வங்கிக்குக் கொண்டுவந்தால், மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடையைத்தான் எழுதுவார். சேதாரமும் வரியும் கணக்கில் வாரா. மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் கடன் கூடாது என்பதே நெடுங்காலம் ரிசர்வ் வங்கி வைத்திருந்த வரம்பு. கல்லே இல்லாத நகையாக இருந்தாலும், அந்த வரம்பின்படி 54,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. மீதியை ஈடுகட்ட அந்தக் குடும்பம் வேறு கடன் வாங்கும். பல வேளைகளில் நகை வாங்கிய பணமே மகளிர் குழுவிலோ வட்டிக்காரரிடமோ வாங்கிய கடனாக இருக்கும். அப்படியானால் ஒரே நகைக்கு இரண்டு வட்டி.

ஒரு கிராம் நாணயம் வாங்குகிறவர்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவர்களால் இயன்றது அவ்வளவுதான். வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பதற்காக வாங்குகிறார்கள். அவசரம் வந்து அந்த நாணயத்தைக் கொண்டுவந்தால், என் பணிக்காலத்தில் நாங்கள் அதை ஏற்க இயலாது. நகைக்கடையில் வாங்கிய நாணயத்தின்மீது கடன் கொடுக்க விதியில் இடமில்லை, வங்கிகள் விற்ற நாணயங்களுக்கு மட்டும் ஓர் எடை வரம்புக்குள் விலக்கு இருந்தது. திருதியையில் வாங்கியது என்று சொல்லி, விற்கவும் மனமின்றி, தெருக்கோடியிலுள்ள அடகுக் கடைக்கு அதை எடுத்துப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன வட்டி என்று கேட்டால் அவர்கள் சொல்லத் தயங்குவார்கள்.

தங்கம் வாங்கியவர்கள் லாபம்தானே அடைந்திருக்கிறார்கள் என்று ஒரு மறுப்பு எழும். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயாக இருந்த சவரன் 2025 ஏப்ரலில் 70,000 ரூபாயைத் தாண்டியது. நிலமும் வங்கிக் கணக்கும் ஆண்கள் பெயரில் இருக்கும் வீடுகளில் பெண்ணுக்கென்று இருக்கும் ஒரே சொத்து பெரும்பாலும் அவள் கழுத்தில் இருப்பதுதான். சிறுகச் சிறுகத் தங்கம் சேர்க்கும் தாயை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்தத் தங்கத்தால் நடந்ததை அறிவேன். ஆனால் அந்த லாபம் வாங்கி, விடாமல் வைத்திருக்க முடிந்தவர்களுக்கு வந்தது. அவர்கள் ஐப்பசியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வாங்கியிருந்தாலும் வந்திருக்கும். கடன்பட்டு வாங்கி, வட்டி கட்ட இயலாமல் ஏலத்தில் இழந்தவர்களுக்குத் திருதியையின் எந்த நல்ல நேரமும் அதைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. சேமிப்பு என்றால் கையில் மிஞ்சியதைக் கொண்டு, மலிவான சேதாரத்தில், நெருக்கடி இல்லாத நாளில் வாங்குவதுதான் அறிவுடைமை. நாள் குறித்து, கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்பட்டு, எடையையும் பில்லையும் ஹால்மார்க் எண்ணையும் சரிபார்க்க நேரமின்றி வாங்குவது சேமிப்புக்கும் உகந்ததல்ல.

இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். அன்று மாலை தெருவில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, என்ன வாங்கினீர்கள் என்பதுதான். ஒன்றும் வாங்காதவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறார். இறைவன் முன் ஏழை கூனிக் குறுக வேண்டியதில்லை, ஒரு கைப்பிடி அவலும் போதும் என்று சொன்ன ஒரு நாளில், ஏழை வீட்டில் குற்ற உணர்ச்சி புகுந்துவிட்டது. தானம் யாராலும் முடியும். ஒரு குடம் தண்ணீரைத் திண்ணையில் வைக்க எந்த வீட்டுக்கும் வசதி உண்டு. வாங்குதலே வழிபாடு என்று ஆகிவிட்டால், வாங்க முடியாதவருக்கு வழிபாடும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் தீபாவளிக்கு முன் வடநாட்டில் கொண்டாடப்படும் தந்தேரஸ் நாளையும் இதேபோல இங்கே கொண்டுவரும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை போதவில்லை போலும்.

பொன்னும் பக்தியும் சேர்ந்த ஒரு பழைய நிகழ்ச்சி எங்கள் பகுதியிலேயே உண்டு. பூந்தோட்டத்துக்கு அருகிலுள்ள திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அங்கே தங்கியிருந்த அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தார் என்பது வரலாறு. அவர்கள் அக்காசுகளைக் கொண்டு பண்டம் வாங்கி, அடியவர்களுக்கு அன்றன்றைக்கே சோறு போட்டார்கள். சம்பந்தர் பெற்ற காசைக் கடையில் மாற்றும்போது வாசி, அதாவது மாற்றுக் குறைவுக்கான கழிவு, பிடித்ததால் அவருடைய மடத்தில் உணவு தாமதமானது. அந்தக் குறையை நீக்கும்படி அவர் பாடி வேண்ட, பிறகு நல்ல காசு கிடைத்தது. இறைவன் கையிலிருந்து வந்த பொன் ஓர் இரவுகூட அவர்களிடம் தங்கவில்லை. நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, இறைவனே கொடுத்த காசுக்கும் கடையில் கழிவு உண்டு என்று நம் முன்னோர் ஒளிக்காமல் பதிவு செய்திருப்பது எப்போதும் வியப்பளிக்கும். பஞ்சகாலத்தில் அரிசியாக மாறிய அந்தப் பொன்னைப் பற்றித் திருதியை நாளில் ஒரு கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். நகைக்கடைகளின் பணத்தில் வெளியாகும் கட்டுரைகளுக்கும் சிறப்பு மலர்களுக்கும் மேலே விளம்பரம் என்ற சொல்லைப் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள். ஆன்மிகப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் தங்கம் வாங்க வேண்டும் என்று எழுதினால், எந்த நூலில், எந்த வழக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டுப் பெற்ற பின்னரே வெளியிடுங்கள். தங்கள் நாளிதழை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் குழுவினர் மனத்தில் கொள்ள வேண்டும். நகை வியாபாரிகளிடமும் எனக்குப் பகை இல்லை. கோடையில் கடை வாசலில் நீர்மோர்ப் பந்தல் வைக்கும் வியாபாரிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அது நல்ல காரியம். அவர்கள் அன்றைய விளம்பரத்தில் சேதாரமும் வரியும் சேர்ந்த முழு விலையை ஒரு வரியில் வெளியிடட்டும். மாதச் சீட்டுக் கட்டுகிறவர்களைத் திருதியைக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தாதிருக்கட்டும்.

அடுத்த திருதியைக்கு முதல் நாள், தங்கம் வாங்க நல்ல நேரம் வெளியிடும் அதே இடத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் எங்கெங்கே நடக்கின்றன, அவற்றுக்கு என்ன பொருள் தேவைப்படுகிறது என்ற விவரத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும். கும்பகோணத்துக்கான விவரத்தைத் திரட்டி, கருட சேவைக்கு ஒரு வாரம் முன்பே தங்கள் அலுவலகத்தில் சேர்க்க நானும் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கும்பகோணம்.